நூலக வரி எங்கே தங்குகிறது?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்ததும், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் நிறைவேறியதுமான 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர பாரதத்தில் இத்துறைக்கென இயற்றப்பட்ட முதற் சட்டம் என்ற கீர்த்திக்கு உரியது. அதன் ஜீவநாடி, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியே. சர்க்காரின் பொக்கிஷம் எவ்வளவு வறண்டாலும் நூலகங்களுக்குரிய திரவியம் வற்றலாகாது என்ற தீர்க்காலோசனை அதில் விளங்குகிறது.

1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1950இல் மாநில மத்திய நூலகமாயிற்று. 1972இல் பொது நூலகத்துறைக்குத் தனி இயக்ககம் வாய்த்தது. கட்டடங்களைப் பற்றி நாம் பெருமை பேசுவதுண்டு. கணக்கைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. வரியை வசூலிப்பவை உள்ளாட்சி மன்றங்களாகவும், அதைக் கொண்டு நடைபெற வேண்டியவை மாவட்ட நூலக ஆணைக்குழுக்களாகவும் இருப்பதால், வீட்டுக்காரர் செலுத்திய காசு நடுவழியில் நிலுவை என்னும் நாமத்தோடு தங்கிவிடுகிறது. அந்நிலுவையின் விளைவாகக் கிராமத்து நூலகத்தில் சஞ்சிகை நிற்கிறது, பதிப்பாளர் நூல்களின் விலைப்பணத்துக்குக் காத்திருக்கிறார். நூலக வரி உள்ளாட்சியின் கஜானாவைத் தொடாமல், வசூலான தினமே ஆணைக்குழுவின் கணக்கில் நேரே சேருமாறு விதி செய்வதே நியாயம். ரசீதில் தனியாகக் காட்டப்படும் தொகையைத் தனியாகவே அனுப்புவதில் என்ன சிரமம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.