திரும்பி வந்தவளைத் திரும்பமாட்டாள் என்றார்கள்

விசாவில் நாள் மிச்சமிருக்கும்போதே திரும்பி வந்தவள் நான். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்த பிறகும், விசா முடியும் முன் நான் மகள் இருக்கும் நாட்டை விட்டுக் கிளம்புவேன் என்பதில் நியாயமான சந்தேகம் இருப்பதாகத் தாள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய தாள்கூட இல்லை அது. மறுப்புக்கான காரணங்களை வரிசையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டத்தில் டிக். எதனால் சந்தேகம், நான் கொடுத்த எந்தக் காகிதத்தைப் படித்ததும் அந்தச் சந்தேகம் வந்தது என்று ஒரு வரி கிடையாது.

எனக்கு 64 வயது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரும் இதுவரை என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. முதல்முதலாகச் சொன்னது ஒரு வெளிநாட்டு அலுவலகம்.

மகள் இருக்கும் நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. ஷெங்கன் விசா செல்லும் 29 நாடுகளில் ஒன்று. பெயரைப் போட்டால் அடுத்த விண்ணப்பத்துக்கு என்ன ஆகுமோ என்று மகள் பயப்படுகிறாள். தாய்க்கு நேர்ந்ததை வெளியே சொல்லவும் ஒரு பெண் பயப்பட வேண்டியிருக்கிறதே, அதையும் என் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மாயவரம். நானும் கணவரும் ஓய்வு பெற்றபின் மகனோடு பெங்களூரு வைட்ஃபீல்டுக்கு வந்துவிட்டோம். ஹோப் ஃபார்ம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு பிள்ளைக்கு இங்கே ஐ.டி. வேலை, இன்னொரு பிள்ளை கடல் தாண்டி. இந்தக் குடியிருப்பில் எங்களைப் போன்ற அம்மா அப்பாக்கள் நிறைய. சாயங்காலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் தெலுங்குக்காரர், மலையாளி, வங்காளி எல்லாருடைய பேச்சும் கடைசியில் விசாவில்தான் வந்து நிற்கும். யாருக்கு ஸ்லாட் கிடைத்தது, யாருக்கு சிங்கிள் என்ட்ரி, யாருக்கு மல்டிபிள், யாருக்கு ரிஜெக்ட். படித்து, உழைத்து, வரி கட்டி ஓய்ந்த மனிதர்கள், பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

முதல் பேரன் பிறந்தபோது போனேன். பிறகும் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விசாவில் எழுதிய தேதிக்கு முன்பே கிளம்பி வந்தேன். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியை மாப்பிள்ளையைவிட நான்தான் கவனமாகப் பார்ப்பேன். காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பேன்.

மகள் இரண்டாவது முறை உண்டானாள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. மூத்தவனைப் பார்த்துக்கொள்ள, சமைக்க, ராத்திரி கைக்குழந்தையோடு விழித்திருக்க நான்தான் போக வேண்டும். எனக்கு முன்பு விசாக்கள் கொடுத்து, நான் முறையாகப் போய்வந்ததையும் பார்த்தவர்கள், இந்த முறையும் சிங்கிள் என்ட்ரிதான் கொடுத்தார்கள். ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 01 என்று இருந்தது. ஒரு தடவை உள்ளே போகலாம். வெளியே காலெடுத்து வைத்தால் தங்குவதற்கு எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் அந்த விசா செத்துப்போய்விடும். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நடுவில் ஏன் வெளியே வரப்போகிறோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது மகன் கூப்பிட்டான். என் கணவருக்கு நெஞ்சுவலி, ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறது. நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நீ கெளம்பும்மா. அப்பாவப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து விதியைத் தேடினார். இப்படிப்பட்ட நெருக்கடியில் விசா முடிந்த பிறகும் சில நாள் கூடுதலாக அங்கே தங்க விண்ணப்பிக்க ஐரோப்பிய விசாச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊருக்குப் போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு, பாக்கியிருக்கும் நாட்களுக்குத் திரும்பி வர சிங்கிள் என்ட்ரியில் இடம் இல்லை. முதலிலிருந்து புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புது ஸ்லாட்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பெண். மல்டிபிள் என்ட்ரி இருந்திருந்தால் பத்து நாள் இங்கே இருந்து அவரைத் தேற்றிவிட்டு மறுபடி விமானம் ஏறியிருப்பேன். ஸ்டிக்கரில் எழுதியிருந்த அந்த ஒரு எண்ணால், இருவரில் ஒருவரை விட்டுவிட வேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளினார்கள். நான் அவரிடம் வந்தேன். அவர் பிழைத்தார். அதற்குக் கடவுளுக்கு நன்றி.

வந்த வேகத்தில் மறுபடி விண்ணப்பிக்க முயன்றேன். விண்ணப்பிக்க நேரம் கேட்டால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. மகன் விடியற்காலையில் எழுந்து எழுந்து திரையைப் பார்த்தான். ஸ்லாட் இல்லை. ஒருவழியாகக் கிடைத்தபோது அவரை வீட்டில் அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, காடுகோடியில் மெட்ரோ ஏறி ஊருக்குள் இருக்கும் விண்ணப்ப மையத்துக்குப் போனேன். பென்ஷன் உத்தரவு, மாயவரத்து வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட், மகளின் அழைப்புக் கடிதம், ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. ஏன் நடுவில் திரும்பி வந்தேன் என்று ஒரு பக்கம் கடிதமும் எழுதி வைத்தேன்.

அந்தக் கடிதத்தை யாரும் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை. படித்திருந்தால், நெஞ்சுவலி வந்து படுத்திருக்கும் புருஷனுக்காக நாள் மிச்சமிருக்கும்போதே ஓடி வந்தவள், அதே புருஷனை இங்கே விட்டுவிட்டு அங்கேயே ஒளிந்துகொள்வாள் என்று எந்த மனிதரால் டிக் போட முடியும்? வாங்கிய கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தவனை, இவன் அடைக்கமாட்டான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மகளுக்கு அங்கே குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை மூத்தவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சாப்பாடு செய்து போட ஆள் இல்லை. அவளே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் வைட்ஃபீல்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பூண்டை எப்படி வதக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விதியே இல்லை என்றால் விதியை நொந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன். எனக்கு ஆத்திரம் வருவது, விதி எங்களுக்குச் சாதகமாகவே இருப்பதால்தான். 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்றே புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு, இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி விசா கொடுக்கலாம். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது ஐந்து ஆண்டு, பாஸ்போர்ட்டுக்கு அவ்வளவு ஆயுள் இருந்தால். செய்தி வந்த அன்று எங்கள் பெஞ்சில் ஒரே சந்தோஷம். இனிமேல் பிள்ளைகளைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போவதுபோல் போய்வரலாம் என்று ஒரு வங்காளி அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் தகுதி எனக்கு இருந்தது. எனக்குக் கிடைத்தது முதலில் 01, பிறகு மறுப்பு. விதியை எழுதுகிறவர்கள் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறார்கள். டிக் போடுகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறோம்.

நான் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். 2024இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பங்கள் சுமார் 11 லட்சம். மறுக்கப்பட்டவை ஏறக்குறைய 1.65 லட்சம். அந்த ஆண்டு ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 90 ஆக்கினார்கள். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் வராது. மறுத்ததற்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தத் தாளின் அடியில் போட்டிருக்கிறது; மறுத்த நாட்டின் சட்டப்படி செய்ய வேண்டும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல், மறுத்த அலுவலகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழியையும் எல்லா நாடுகளிலும் எடுத்துவிட்டது. இனி அங்கே மறுக்கப்பட்டவருக்குப் புது விண்ணப்பம், அல்லது அந்த நாட்டு நீதிமன்றம். பென்ஷனில் வாழும் பெரியவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்?

ஒரு மறுப்பு ஒரு நாட்டோடு முடிவதும் இல்லை. பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தால், இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததா என்று கேட்கிறார்கள். ஆம் என்றுதான் எழுதியாக வேண்டும். நாத்தனார் மகன் டொரண்டோவில் இருக்கிறான். அவன் கல்யாணத்துக்குப் போக நினைத்தாலும் இந்த டிக் கூடவே வரும்.

எங்களைப் பற்றி ஷெங்கன் நாடுகளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் சந்தேகப்படுகிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தெரியாதா? என் பத்து விரல் ரேகையும் அவர்களிடம் இருக்கிறது. எந்த விசா கொடுத்தார்கள், எதை மறுத்தார்கள் எல்லாம் கணினியில் இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் ரேகையையும் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், எத்தனை நாள் கூடுதலாகத் தங்கினார் என்று இனி எந்திரமே கணக்கு வைக்கும். ஒரு நாள் அதிகமாகத் தங்கியவரைப் பிடிக்க இவ்வளவு ஏற்பாடு. சரி, பிடியுங்கள். அதே கணக்கில், சொன்ன நாளுக்கு முன்பே போனவர்களின் பெயரும் இருக்குமே. அதை யார் பார்ப்பது?

ஐரோப்பாவை மட்டும் குற்றம் சொல்லி நம் தேசத்தைத் தப்பிக்க விட எனக்கு மனம் வரவில்லை. நாமும் இதைச் செய்தோம். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி பலமுறை இந்தியா வந்துபோனது வெளியே தெரிந்ததும், 2009 டிசம்பரில் நம் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. சுற்றுலா விசாவில் வந்து திரும்பியவர் இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி நுழையலாம். முன்கூட்டியே பயணத் திட்டத்தைக் காட்டி அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. இதே வைட்ஃபீல்டில், காடுகோடியில் இருக்கும் பிருந்தாவன் ஆசிரமத்துக்கு சத்ய சாயி பாபாவைத் தரிசிக்க உலகம் முழுவதிலிருந்தும் பக்தர்கள் வந்துபோன காலம் அது. அவர்களுக்கும் அதே விதிதான். பாபா 2011 ஏப்ரலில் மறைந்தார். அப்போதும் அந்த விதி அமலில் இருந்தது.

இதைவிட என் மனதை அறுப்பது ஈழத் தமிழர் விஷயம். 2009 மே மாதம் போர் முடிந்தது. லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்தவர்கள், உயிரோடு மிஞ்சியவர்களைப் பார்க்கப் புறப்பட்ட நேரம். சென்னையில் இறங்கி இங்கே அகதியாக இருக்கும் உறவைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணம் போய், திரும்பச் சென்னை வந்து விமானம் ஏறலாம் என்று நினைத்தவருக்கு, முன் அனுமதி வாங்காவிட்டால், நடுவில் இரண்டு மாதக் கதவு. ஹெட்லி என்ற ஒருவன் செய்ததற்கு, செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர்களைத் தண்டித்தோம். 2012 கடைசியில் பெரும்பாலான நாட்டவருக்கு அந்த விதியை நீக்கினார்கள். சில நாட்டவருக்குத் தொடர்ந்தது. நீக்கியதால் நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இன்று ஒரு ஐரோப்பியர் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தியாவுக்கு ஐந்து ஆண்டு இ-டூரிஸ்ட் விசா வாங்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகலாம். அவருடைய பென்ஷன் உத்தரவை நாம் கேட்பதில்லை. வரட்டும், நன்றாக இருக்கட்டும். அவர் மேல் பொறாமையால் இதைச் சொல்லவில்லை. அவர் ஹம்பியைப் பார்க்க வரும் சுலபத்தில் பாதியாவது, நான் பெற்ற பெண்ணைப் பார்க்கப் போவதற்கு வேண்டும் என்கிறேன்.

வீட்டில் இன்னொரு துக்கம் ஓடுகிறது. என் கணவர் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறார். "என்னாலதான நீ வந்த, இல்லேன்னா அங்கயே இருந்திருப்ப" என்று மருந்து சாப்பிடும்போதெல்லாம் சொல்கிறார். நோய் வந்தது அவர் குற்றமா? நான் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. ஒரு அலுவலகம் போட்ட டிக், பிழைத்து எழுந்த மனிதரைத் தன் உயிருக்காக வெட்கப்பட வைத்திருக்கிறது.

டெல்லியில் இருக்கும் நம் வெளியுறவு அமைச்சகத்துக்குச் சொல்கிறேன். ஐரோப்பிய மந்திரிகள் வரும்போதெல்லாம் வர்த்தகம் பேசுகிறீர்கள், படித்த பிள்ளைகளை அனுப்புவது பற்றிப் பேசுகிறீர்கள். பிள்ளைகள் போனால் பெற்றவர்களும் போய்வருவார்கள் என்பதையும் பேசுங்கள். முறையாகப் போய்வந்தவரை மறுத்தால் காரணத்தை வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது அதிகாரி ஒருவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். சாவு, நோய், பிரசவம் இவற்றுக்காக நடுவில் ஊர் வந்தவருக்கு, பாக்கியிருக்கும் நாட்களுக்குப் புதுக் கட்டணம் இல்லாமல் திரும்பிப் போக வழி செய்யச் சொல்லுங்கள். 2024இல் அவர்களே கொண்டுவந்த இரண்டு ஆண்டு விசாவை, தகுதி இருப்பவருக்கு மறுக்கும்போது ஏன் என்று கேளுங்கள்.

அதுவரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. மகன் மறுபடியும் ஃபைல் தயார் செய்கிறான். இன்னொரு 90 யூரோ தண்டமாகப் போனாலும் போகட்டும். இளையவன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டானாம். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் இந்த முறையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க என்றுதான் எழுதப் போகிறேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை.