எலி கடிக்காத வயர்



போன ஓணம் சமயத்தில் புதுக் கார் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை இங்கே போட்டிருந்தேன். "டீச்சர் இந்த வயசுல கார் ஓட்டப் படிச்சிட்டாங்களே" என்று எத்தனையோ பேர் வாழ்த்தினீர்கள். அந்தக் காரின் மிச்சக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு கடைசி வரை படியுங்கள். உங்களில் சிலருக்காகவே எழுதுவது இது.

கார் ஆசைக்காக வாங்கியதல்ல. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் கண் கெட்டு, திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டு வர வேண்டியதாயிற்று. ஊசி போட்ட கண்ணோடு பஸ்சில் கூட்டிவருவது பெரும்பாடு. அவரால் வண்டி ஓட்ட முடியாது. மகனும் மகளும் வெளியூரில். ஆகவே ஓய்வுபெற்றபோது வந்து வங்கியில் கிடந்த பணத்தை எடுத்தேன். 62 வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். 8,64,000 ரூபாய்க்குக் கார் வந்தது. மூன்று வருஷ வாரண்டி என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஆனி மாதம் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வருகிறோம். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்த மாதம் எப்படி இருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், லாரியையே அசைத்துப் பார்க்கும். அந்த இடத்தில் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்து எப்படியோ ஓரம் கட்டினேன். வண்டியை அணைத்து மறுபடி போட்டேன். விளக்கு இல்லை, கனமும் இல்லை.

மறுநாளே கார் வாங்கிய இடத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் காட்டல மேடம். புதுசா ஓட்டுறவங்களுக்கு ஸ்டியரிங் கனமாத்தான் தெரியும்" என்றார் ஒருவர். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை, கண்ணில் கட்டோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு நாளில் மறுபடியும் அதே விளக்கு, அதே கனம். இந்த முறை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, "சாஃப்ட்வேர் மாத்தியாச்சு, இனி வராது" என்றார்கள்.

மூன்றாவது முறை வந்தது நம் ஊரிலேயே. விடிகாலை, பூச்சந்தைப் பக்கம் திரும்பும்போது. பூச்சாக்கை வைத்து மொபெட்டில் வந்த ஒரு பையன் எதிரே. திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. அவன்தான் விலகித் தப்பினான். "என்ன டீச்சர்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. ஒரு அம்மா பெற்ற பிள்ளை அவன்.

அன்று வண்டியை விட்டுவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். "எலி வயரைக் கடிச்சிருக்கு. அது வாரண்டில வராது. வயர் செட்டோட மாத்தணும், 23,400 ரூபா ஆகும்."

இனித்தான் சொல்லத் தயங்கும் பகுதி.

அந்த சர்வீஸ் சென்டரில் வண்டியை வரவு வைக்கும் மேசையில் இருந்தவன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாவது தடவைக்குப் பிறகு ராத்திரி அவனுக்கு போன் செய்து, "கொஞ்சம் பார்த்துச் செய் மக்கா" என்று சொல்லியிருந்தேன். "பாத்துக்கிடுதேன் டீச்சர்" என்றான். எலிக்கதையை என்னிடம் சொல்லும் வேலையையும் அவன் தலையில்தான் கட்டியிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கடிச்ச வயர நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. "நான் பாக்கலாமா?" என்றேன். பணிமனைக்குள் வாடிக்கையாளர் போகக்கூடாதாம். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "டீச்சர், நீங்க எழுதிக் கேளுங்க" என்றான்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. சொல்லிக்கொடுத்த டீச்சரிடமே தட்டிக் கழிக்கிறானே என்று. வீட்டுக்காரரோ, "ரூவாயக் குடுத்திட்டு வண்டிய எடுப்போம். இந்த வயசுல நமக்கு எதுக்கு வழக்கும் வம்பும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், பாதி மனம் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், மூன்று தடவையும் கொடுத்த ஜாப் கார்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். வண்டியை விடும்போது என்ன குறை என்று அவர்கள் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குவார்களே, அந்தத் தாள். முதல் தாளில் குறை என்ற இடத்தில் "பொதுச் சோதனை" என்று ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டாவதில் "பொதுச் சோதனை, வாட்டர் வாஷ்". ஸ்டியரிங் என்ற சொல்லே இல்லை. இரண்டின் அடியிலும் என் கையெழுத்து. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் "படித்துப் பார்த்துவிட்டு எழுது" என்று சொன்ன நான், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது தாளில் மட்டும் இப்படி இருந்தது: "ஓடும்போது ஸ்டியரிங் கனமாகிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இதே குறைக்காக மூன்றாவது முறை வருகிறார்." அந்தத் தாளைப் போட்டவன் என் மாணவன்.

வாயால் சொல்ல முடியாததை அவன் எழுதி வைத்திருக்கிறான். நான்தான் தட்டிக் கழிக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். ஏழாம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அதே கடிதம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இடம். தேதி போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று தேதிகள், ஒவ்வொரு தேதியிலும் வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், மூன்று ஜாப் கார்டு எண்கள். இரண்டே கோரிக்கை. ஒன்று, எலி கடித்ததாகச் சொல்லும் வயரை எனக்குக் காட்டுங்கள், படம் எடுத்துத் தாருங்கள். இரண்டு, வாரண்டியில் செய்ய முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். திட்டு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம். ஸ்பீடு போஸ்ட்டில் அவர்களுக்கு ஒன்று, கார் கம்பெனிக்கு ஒன்று, ஈமெயிலிலும் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து, அவர்கள் கொடுத்த எண்ணைக் குறித்து வைத்தேன்.

பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வயர் முழுசாக இருந்தது. ஒரு பல் படவில்லை. ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஒரு சென்சார்தான் பழுது. பாகம் வந்ததும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. நடுவில் வாடகைக் காருக்குச் செலவானது என் கணக்கில். ஒரு ஊசி தள்ளிப்போனது என் வீட்டுக்காரர் கணக்கில்.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வயலும் தோப்பும் சூழ்ந்த நம் ஊரில் எலி வயரைக் கடிப்பது பொய்யல்ல, நிறையப் பேர் வண்டியில் கடித்திருக்கிறது. தேய்கிற சாமான்களும் வாரண்டியில் வராது. பிரேக் பேட், வைப்பர் ரப்பர் போன்றவை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனி தனியாகப் பொறுப்பு. இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. வாரண்டியில் மாற்றும் பாகத்துக்கான பணத்தை விற்பனையாளர் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். பழைய பாகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. ஆகவே தயங்குகிறார்கள். சரி. ஆனால் அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள கணக்கு. அந்தக் கணக்கை எலி தலையிலும் என் தலையிலும் போட என்ன நியாயம்? வாரண்டி என்பது அவர்கள் காட்டும் இரக்கமல்ல. காரின் விலைக்குள் நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம்.

நம் பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். பிச்சி வாங்கி வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் அடியில் வாடல். மறுநாள் போய்ச் சொன்னால், "எக்கா, இத வச்சிக்கிடுங்க" என்று ஒரு கை அள்ளிப் போடுவார்கள். ரசீது கிடையாது, வாரண்டி கிடையாது. நாளைக்கும் என் முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும், அதுதான் அங்கே வாரண்டி. முகம் தெரிந்த இடத்தில் வாக்கு போதும். ஷோரூமில் விற்றவர் ஒருவர், வண்டியை வாங்கி வைப்பவர் ஒருவர், பழுது பார்ப்பவரை நாம் பார்ப்பதே இல்லை. முகம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் எழுத்துதான் முகம். நான் அங்கேயும் முகத்தைத் தேடினேன். தெரிந்த பையன் இருக்கிறான் என்று போன் போட்டு, அவனைத் தர்மசங்கடத்தில் நிறுத்தினேன். முதல் நாளே எழுதிக் கேட்டிருந்தால் அவனுக்கும் தலைகுனிவு இல்லை, அந்த மொபெட் பையனுக்கும் ஆபத்து இல்லை.

எழுதியும் கேட்கவில்லை என்றால்? நுகர்வோர் நீதிமன்றம் என்றால் வக்கீல், வருஷக்கணக்கு என்று பயப்படுகிறோம். தாமதம் ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு நாகர்கோவிலில் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கேட்பதையும் அளந்து கேட்க வேண்டும். கோபத்தில் "புதுக் காரே வேணும்" என்று நாமெல்லாம் சொல்லிவிடுவோம். 2006-இல் மாருதி கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வாரண்டியில் சொன்னபடி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் கடமை, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 2022-இல், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், இழப்பீட்டோடு காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. எது சின்னக் குறை, எது உயிரோடு விளையாடும் குறை என்று பார்க்கிறார்கள். இரண்டிலும் தாளில் இருப்பதுதான் பேசும்.

ஆகவே வீட்டுப்பாடம்:

1. ஜாப் கார்டில் உங்கள் குறை உங்கள் சொற்களில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.
2. விளக்கு எரிந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு, போனில் படம் எடுங்கள். குறை வந்து போகும், படம் போகாது.
3. ஒரே குறைக்கு இரண்டாவது முறை போனால் "இரண்டாவது முறை" என்று எழுதச் சொல்லுங்கள்.
4. "வாரண்டியில் வராது" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.
5. ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட குறை என்றால் சரியாகும் வரை வண்டியை எடுக்காதீர்கள். இதில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

இது வண்டி வைத்திருப்பவர்களுக்கு. இனி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்கு. ஷோரூமில், வங்கியில், இன்சூரன்ஸில், ஆஸ்பத்திரியில், அரசு அலுவலகத்தில் உங்களில் எத்தனையோ பேர். மேலே இருப்பவர் சொல்வதை மீற முடியாத நிலைமை எனக்குப் புரியும். சண்டை போட்டு வேலையை விடச் சொல்லவில்லை. வந்தவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், அவ்வளவுதான். என் மாணவன் எழுதிய மூன்று வரியால்தான் ஒரு பொய் எலி செத்தது.

அவன் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அன்று கோபப்பட்டதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர், ஏழாம் வகுப்புல தேதி போடாததுக்கு அரை மார்க் குறைச்சீங்கல்லா" என்று சிரித்தான்.

அந்த அரை மதிப்பெண்ணை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் டீச்சர்,
தோவாளை.