வரிக்கு மட்டும் தெரிந்தவர்கள்

எமது நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் தொழில் புரியும் ஒருவர், ஒரு வேலை முடிந்து மறுவேலை கிடைக்கும் வரையில் அரசின் கண்ணுக்குத் தென்படுவதேயில்லை. மேசன், மின்னிணைப்பாளர், மொழிபெயர்ப்பாளர் தொடக்கம் பிரசுரமான செய்திக்கு மட்டும் ஊதியம் பெறும் பிரதேச நிருபர் வரை நிலைமை இதுதான். பல தசாப்தங்களைப் பத்திரிகைத் துறையில் கழித்த நான் அத்தகைய நிருபர்கள் பலரை அறிவேன்.

1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழில்தருநர் ஒருவரைக் கேட்கின்றது. இவருக்காக 12 சதவீதம் செலுத்த எவருமில்லை. 2023 இல் ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும, வீட்டையும் சொத்தையும் பார்த்து வறுமையை அளக்கின்றது. நேற்றுவரை உழைத்தவரின் கை இன்று வெறுமையாக இருப்பது அந்த அளவுகோலில் அகப்படுவதில்லை.

ஆனால், வரி என்று வரும்போது இதே மனிதரை அரசு நன்கறியும். 2023 ஜனவரியில், மாதம் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டும் சேவைக் கட்டணங்களில் 5 சதவீதத்தைப் பிடித்துவைக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரியோ, வேலையுள்ளவர், வேலையற்றவர் என்று பேதம் பார்ப்பதில்லை.

கொடுப்பனவு வழங்கினால் சோம்பேறிகள் பெருகுவர் என்பார் உளர். இவர்கள் கேட்பது பிச்சையன்று. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் சுயதொழில் புரிவோர் விரும்பிப் பங்களிக்க ஏலவே இடமுண்டு. அப்பங்களிப்புடன், அவர்கள் செலுத்திய வரியில் ஒரு பகுதியையும் சேர்த்து, வேலையற்ற மூன்று மாதங்களுக்கு வழங்குவதில் என்ன தடை?

உழைக்கும் மாதத்தில் சதக் கணக்குப் பார்க்கும் அரசுக்கு, உழைப்பற்ற மாதத்தில் மட்டும் கணக்கு மறந்துபோவது எங்ஙனம்?