புதிய அடுக்ககங்களும் வெப்பத்தின் விலையும்

பிரிட்டனில் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சூடாக்க எரிவாயு ஏற்றதா, மின்சாரம் ஏற்றதா என்ற விவாதத்தில், கருவியைத் தேர்ந்தெடுப்பவர் கட்டுமான நிறுவனத்தார் என்பதும், அதற்கான கட்டணத்தைப் பல ஆண்டுகள் செலுத்தப்போகிறவர் அங்கே குடியேறுபவர் என்பதும் போதிய கவனம் பெறுவதில்லை. முன்னவர் கட்டும்போது மிச்சப்படுத்துவதைப் பின்னவர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இழக்க நேர்வதே இவ்விவாதத்தின் மையம்.

வடகடலில் 1965-இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டு, 1967 முதல் 1977 வரையிலான பத்தாண்டுகளில் நாடு முழுவதும் வீட்டுக் கருவிகள் அதற்கேற்ப மாற்றப்பட்ட பிறகு, வாயுவை எரித்து நீரைச் சூடாக்கி, அந்நீரை அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் கொதிகலன் பிரிட்டானிய வீட்டின் இயல்பான உறுப்பாயிற்று. உயர்ந்த அடுக்ககங்களின் வரலாறு வேறு. பின்னாளில் தமிழர் பலர் குடியேறிய கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில், திறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த 22 மாடிக் கட்டடமான ரோனன் பாயின்ட்டில், 1968 மே 16 அதிகாலையில் 18-ஆம் மாடி வீடொன்றில் கசிந்த வாயு வெடித்தது. தொழிற்சாலையில் வார்த்துக் கொணர்ந்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அக்கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து, நால்வர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வகைக் கட்டடங்கள் பலவற்றிலிருந்து வாயு அகற்றப்பட்டது. இரவில் குறைந்த கட்டணத்தில் பெறும் மின்சாரத்தால் கனமான செங்கற்களைச் சூடேற்றி, பகலில் அந்த வெப்பத்தை வெளிவிடும் சேமிப்பு ஹீட்டர்கள் பரவலாயின. மாலை வருமுன்பே வெப்பம் தீர்ந்துபோவதால் அவற்றை நொந்துகொண்டோர் பலர். மின்சாரச் சூடேற்றம் மீதான அவநம்பிக்கைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

மின்சாரம் என்ற ஒரே பெயரின் கீழ் முற்றிலும் வேறான இரண்டு முறைகள் அடங்கியுள்ளன. ஒன்று, மின்தடைக் கம்பியைச் சூடாக்கும் சுவர் ஹீட்டர். ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். மற்றொன்று ஹீட் பம்ப், அதாவது குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் அதே தத்துவத்தில், வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துத் தரும் கருவி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் இதில் கிடைக்கும். பிரிட்டனில் அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட் வாயு ஏறத்தாழ 6 பென்ஸ், மின்சாரம் ஏறத்தாழ 25 பென்ஸ் என்ற நிலையில், நல்ல வெப்பக்காப்புள்ள சிறிய வீடொன்றுக்கு ஆண்டுக்கு 2,000 யூனிட் வெப்பம் தேவை எனக் கொண்டால், எரிதலில் வீணாகும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொதிகலனுக்கு 135 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகவும், சுவர் ஹீட்டருக்கு 500 பவுண்டும், ஹீட் பம்புக்கு 170 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். ஆனால் வாயு இணைப்பு இருப்பதற்காக மட்டும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் செலுத்த வேண்டிய நிலைக் கட்டணம் ஆண்டுக்கு 100 பவுண்டை ஒட்டி வருவதால், தேவை குறைந்த சிறிய வீட்டில் வாயுவின் மலிவு கரைந்துவிடுகிறது.

அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்த காலத்தில், வாயுவை வீட்டிலேயே எரிப்பது தூய்மையானது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்ட பிறகு அதற்கு இடமில்லை. நெதர்லாந்து 2018 ஜூலை முதல் புதிய கட்டடங்களுக்கு வாயு இணைப்பை நிறுத்தியது. ஸ்காட்லாந்து 2024 ஏப்ரல் முதல், அனுமதி கோரும் புதிய வீடுகளில் வாயுக் கொதிகலனை விலக்கியது. 2025 முதல் புதிய வீடுகளில் அதனை விலக்குவதாக 2019-இல் அறிவித்த இங்கிலாந்து அக்கெடுவைத் தவறவிட்டது. ஸ்காட்லாந்தின் விதி வரவேற்கத்தக்கதே. எனினும் வீட்டிலிருந்து நேரடியாகப் புகை வெளிவரக் கூடாது என்பதே தொடக்கத்தில் அதன் அளவுகோலாக இருந்ததால், சுவர் ஹீட்டரும் அதற்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது. வாங்கவும் பொருத்தவும் மலிவான அக்கருவி வாடகை வீடுகளில் நிறையுமானால், காலநிலைக்காக எடுத்த நல்ல முடிவின் சுமை குறைந்த வருவாயுள்ளவர்மீது விழும். சட்டம் இயற்றுவோர் இதனைக் காணாதிருப்பது அநீதி.

அடுக்ககத்தில் ஹீட் பம்ப் பொருத்துவது கடினம் என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு: வெளிப்பெட்டிக்கு இடமும், அதன் ஒலி அண்டை வீட்டாரை வருத்தாத ஏற்பாடும், வெந்நீரைச் சேமிக்கும் கலனுக்கு ஓர் அலமாரி அளவு பரப்பும் வேண்டும். கட்டி முடித்த வீட்டில் இவை பெரும் தடைகள். வரைபடம் தாளில் இருக்கும்போதோ தீர்க்கக் கூடியவை. ஆழ்துளைகள் இட்டு, நிலத்தடி வெப்பத்தை ஏந்திவரும் பொதுக் குழாயைக் கட்டடம் முழுவதற்கும் அமைத்து, வீட்டுக்கு ஒரு சிறிய ஹீட் பம்பை அதனுடன் இணைத்தால் வெளிப்பெட்டியே தேவைப்படாது. குழாயில் ஓடுவது மிதமான வெப்பமுள்ள நீர் என்பதால், பொதுக் கொதிகலனின் வெந்நீர்க் குழாய்கள் நடைவழிகளைப் புழுக்கமாக்கும் குறையும் இராது. ஆகவே புதிய அடுக்ககத்தில் வீடு வாங்குவோர், ‘முழுவதும் மின்சாரம்’ என்னும் விளம்பர வாசகத்தோடு நின்றுவிடாமல், வெந்நீர்க் கலன் எங்கே, வெளிப்பெட்டி அல்லது பொதுக் குழாய் எங்கே என்று வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.