ஆட்டம் வேணும், ஆளு வேணாமா?

"ஆப்பிரிக்க டான்ஸ்னா என்னடா? சும்மா குதிக்கிறதுதானே!" - ஹாஸ்டலில் நண்பன் ஒருவன் கேட்டான். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை மேடையிலேயே உடைத்தவர் கேதரின் டன்ஹம் என்ற கறுப்பினப் பெண்மணி.

சிகாகோவில் மானிடவியல் படித்த அவர், 1935-ல் ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹைட்டி தீவுகளுக்குப் போனார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சத்தார் ஆடுவதைப் பார்த்து நோட்டில் குறித்ததோடு நிற்கவில்லை. கூடவே ஆடியும் கற்றார். நம்ம பாஷையில் சொன்னால், தியரியும் பிராக்டிகலும்! மார்ட்டினிக்கின் சண்டை ஆட்டத்தை வைத்து 1938-ல் சிகாகோவில் 'லாக்யா' என்ற நாட்டிய நாடகத்தை அரங்கேற்றினார். தலை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கும் பயிற்சி முறையையும் உருவாக்கினார். குதிக்கிறதுக்கு இவ்வளவு இலக்கணமா?

1944-ல் லூயிவில் நகரில் ஆடினார். அந்த அரங்கில் கறுப்பர்களை வெள்ளையர் பக்கத்தில் உட்கார விடவில்லை. ஆட்டம் முடிந்ததும், இனி இங்கே ஆட வரமாட்டேன் என்று மேடையிலேயே அறிவித்தார்.

அவர் ஆட்டத்தை ரசிப்பார்களாம், அவர் இனத்தாரைப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்களாம். இது என்ன நியாயம்?

நாமும் யோசிக்கணும் நண்பர்களே! காலேஜ் டேயில் தோளையும் இடுப்பையும் குலுக்கி 'வெஸ்டர்ன் டான்ஸ்' ஆடுகிறோம். அதில் பாதி எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டதுண்டா? அடுத்த முறை மைக்கைப் பிடிப்பவர் அந்த மக்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். கைதட்டல் அவர்களுக்கும் போய்ச் சேரணும்!