எதிரே வருபவரின் கண்ணுக்கும் விதி வேண்டும்

இரவில் இருவழிச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இன்று ஒரே புகார்: எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கு கண்ணைப் பறிக்கிறது. 'டிம்' அடிக்கச் சொல்லி விளக்கை மினுக்கிக் காட்டினால், பல நேரம் அந்த வண்டி ஏற்கெனவே 'டிம்'மில்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, ஓட்டுநரின் பொறுப்பின்மையை மட்டும் பழித்துப் பயனில்லை. வெளிச்சத்தை நாம் அளக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

முகப்பு விளக்குக்கு ஒப்புதல் தரும்போது, ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட புள்ளிகளில் ஒளிச்செறிவை அளக்கிறார்கள். அந்தக் கருவிகளின் அடிப்படை, மனிதக் கண்ணின் உணர்திறன் குறித்து 1924இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஏற்ற வளைகோடு. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண், சிறிய பரப்பைப் பார்ப்பதை அது குறிக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணோ நீல ஒளியின் பக்கம் சாய்கிறது. மஞ்சள் சாயலுள்ள ஹாலஜன் விளக்கும் நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கும் கருவியில் ஒரே எண்ணைக் காட்டலாம். கண்ணுக்கு எரிச்சல் தருவதில் பின்னதே முந்துகிறது. அதே ஒளி சிறிய பரப்பிலிருந்து வெளிப்பட்டால் உறுத்தல் இன்னும் கூடும்.

'கண்கூச்சம் ஆளுக்கு ஆள் மாறும்; அதற்குச் சட்டம் போட முடியுமா?' என்று கேட்கலாம். எரிச்சல் ஆளுக்கு ஆள் மாறுவது உண்மைதான். பார்வை மறைப்பு அப்படியல்ல. விழிக்குள் சிதறும் ஒளி, நாம் பார்க்கும் காட்சியின் மேல் திரையாகப் படிகிறது. அந்தத் திரையின் அடர்த்தியைக் கணக்கிடும் வழியை 1920களிலேயே ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்துவிட்டார்கள். கண்ணை வந்தடையும் ஒளியைப் பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டுக்கும் விளக்குக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மூன்று பாகை தள்ளி இருக்கும் விளக்கிலிருந்து ஒரு லக்ஸ் ஒளி கண்ணில் விழுந்தால், திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கேண்டெலா. நன்கு விளக்கிட்ட சாலையின் பரப்பே சுமார் ஒரு கேண்டெலாதான் ஒளிரும். அதாவது, சாலையைக் கடப்பவருக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு பாதியாகிவிடுகிறது. தெருவிளக்கே இல்லாத கிராமத்துச் சாலையில் இழப்பு இன்னும் பெரிது.

வயதும் இந்தக் கணக்கில் உண்டு. இளைஞரோடு ஒப்பிட்டால், எழுபது வயதுக்காரரின் விழியில் இந்தத் திரை ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால், தெருவிளக்குகளின் கண்கூச்சத்தைக் கணக்கிடும் சர்வதேச முறையில், பார்ப்பவரின் வயது 23 என்றே வைத்துக்கொள்கிறார்கள். நம் சாலைகளில் கண்புரை தொடங்கிய பெரியவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள், நடந்தும் போகிறார்கள்.

'இருட்டுச் சாலையில் மாடு நிற்பது தெரிய வேண்டாமா? அதிக வெளிச்சம்தானே பாதுகாப்பு?' என்ற ஓட்டுநர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், மாட்டைக் காட்டுவது சாலையில் விழும் வெளிச்சமே தவிர, எதிரே வருபவரின் கண்ணில் விழும் வெளிச்சமல்ல. ஹாலஜனுக்காக வடித்த பிரதிபலிப்பானில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டினால், ஒளி தோன்றும் இடம் மாறி, கீழே விழ வேண்டிய கற்றை மேலே சிதறுகிறது. பின்பக்கம் பாரம் ஏறிய வண்டியின் முகப்பு தூக்கினாலும் அதே கதிதான். முகப்பு விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பழைய உத்தி வெளிச்சத்தைக் குறைத்ததே தவிர, திசையைத் திருத்தவில்லை. நான்குவழிச் சாலையின் நடுவே வளர்த்த அரளி ஓரளவு காக்கிறது. இருவழிச் சாலைக்கு அந்தக் காப்பும் இல்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. விளக்குக்குப் பொருந்தாத பல்புகளை மாட்டியவரிடம் அபராதம் வாங்குவதோடு நில்லாமல், விற்பனையையே தடுக்க வேண்டும். வாகனத் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் ஒளிக்கற்றையின் சாய்வைக் கருவி வைத்துப் பார்ப்பது வெறும் சடங்காகிவிடக் கூடாது. பாரத்துக்கேற்பக் கற்றையைத் தானே தாழ்த்தும் அமைப்பு, புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்புதல் சோதனையில் ஒளியின் நிறம், ஒளிரும் பரப்பின் அளவு, எதிரே இருப்பவரின் வயது ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். சாலையோர டிஜிட்டல் விளம்பரப் பலகைகளுக்கும் இரவு நேர ஒளிர்வு வரம்பு இதே அடிப்படையில் அமைய வேண்டும்.

கண்ணுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஏறத்தாழ நூறாண்டுகளாகக் கையில் இருக்கிறது. அதை விதியில் சேர்க்காமல் ஓட்டுநருக்கு மட்டும் அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே. போக்குவரத்து அமைச்சகம் இனியும் தாமதிக்கக் கூடாது.