பட்டணம் புகுந்தோமா? துரத்தப்பட்டோமா?

"தோட்டத்தில் இருந்தவரை தமிழன் தமிழனாக இருந்தான், பட்டணம் புகுந்தான், கெட்டான்!" பேராக் மாநிலத்தில் எந்த மேடை ஏறினாலும் இந்த ஒப்பாரிதான். திருவிழாவையும் தப்படித்த இரவுகளையும் அடுக்கிக் கூறிக் கண்ணைத் துடைத்துக் கொள்கின்றனர். துடைத்துக் கொள்வோரிற் பலர் பால்வாளி தூக்கியறியாதவர்!

தோழர்களே! விடியுமுன் பிரட்டுக்கு ஓடியதும், மழை பிடித்தால் அன்றையக் கூலி போயிற்றென்று அடுப்பைப் பார்த்திருந்ததும் மறந்தா போயின? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவை ஒழிக்கக் கிள்ளான் தொழிலாளர் 1941இல் வேலைநிறுத்தக் கோரிக்கையாகவே எழுத வேண்டியிருந்தது. அந்த வாழ்வு ஒழிந்ததற்கு யான் ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தேன். என் வழக்கு வேறு.

நாட்டுப்புறத்தார் நகரம் புகுவது உலக இயல்பே. அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேயே நகரத்தார் பாதிக்கு மேற்பட்டு விட்டனர். ஆனால் அங்கும் எல்லாரும் ஒரே விதமாகப் போகவில்லை. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் 160 ஏக்கர் வரை பெற்ற குடியானவன், பின்னர் அதனை விற்றுக் கையில் முதலோடு பட்டணம் போக முடிந்தது. அடிமைத்தளை நீங்கிய கறுப்பரோ, 1865இல் 40 ஏக்கர் என்று வாக்களிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே அதனை இழந்தனர். 1910க்கும் 1970க்கும் இடையில் தென்மாநிலங்களை விட்டுப் புறப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பருட் பெரும்பாலார்க்கு விற்பதற்குச் சொந்த நிலம் ஒரு பிடியும் இல்லை.

நம்மவர் எவ்வழிப் போயினர்? 1970இல் இந்நாட்டு இந்தியருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே நகரத்தார். 2000இல் ஐந்தில் நான்கு பங்கினர். முப்பதே ஆண்டு! ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். 1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றதும் பல்லாயிரவர் கப்பலேறினர். பின்பு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. அம்மனைகளில் ஒன்றேனும் அங்கே மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு உரியதாயிற்றா?

இதுதான் என் வழக்கு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை போனால் வீடு போம். அதனுடன் ஆயாக்கொட்டகையும் போம், பள்ளிக்கூடமும் ஆட்டங்காணும். 1980ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனை நீக்கினால் ஆண்டொன்றுக்கு 20 நாட்கூலி தருக என்கின்றன. முப்பதாண்டு உழைத்தவனுக்கு 600 நாட்கூலி. பால்மரத்தடியில் பிறந்து அங்கேயே முதுகு வளைந்தவனுக்கு, இரண்டாண்டுக்கும் குறைந்த நாட்களின் கூலி! அக்கணக்கில் வீட்டுக்கென்று ஒரு காசும் இல்லை.

அவசரகாலத்தில், 1950 முதல், ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக் கிராமங்களில் அடைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலார் சீனர். அது கொடுமையே. ஆயினும் முள்வேலி நீங்கியபின் அவருட் பலர்க்கு அடிநிலத்தின்மீது ஓர் உரிமை கிடைத்தது. தோட்டத்து லயங்களையும் வேலியிட்டனர். வேலி போயிற்று, நிலம் மட்டும் கம்பெனியின் நிலமாகவே நின்றது. பிறர் பெற்றதற்குப் பொறாமை இல்லை. நாம் ஏன் கேட்கவில்லை என்பதே கேள்வி.

கேட்டவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ. தி. சம்பந்தன், துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளியின் சில்லறையைத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். வாங்கிய தோட்டங்களினும் கைநழுவியவை மிகப் பல. நாமோ கூலிக்குச் சண்டையிட்ட அளவில் பத்தில் ஒரு பங்கும் வீட்டுமனைக்குச் சண்டையிடவில்லை.

இனி ஈப்போவைப் பாருங்கள். 1985 அக்டோபரில் இலண்டன் சந்தையில் ஈய வாணிகம் நின்றது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்த வேளையிலும் அதன் பின்னும், மூட்டையோடு தோட்டத்தான் வந்து சேர்ந்தான். உறவினர் உள்ளவன் புந்தோங்கில் ஒண்டினான்; இல்லாதவன் ஆற்றோரப் புறம்போக்கில் பலகை அடித்தான். பெண்கள் தொழிற்சாலைக்கும் வீட்டுவேலைக்கும் சென்று குடும்பத்தைத் தாங்கினர்; அவர்களைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் இல்லை! பிள்ளைகள் திசைமாறினால் மட்டும், "பட்டணம் கெடுத்தது" என்ற தீர்ப்பு உடனே பிறக்கிறது. பட்டணம் எதைக் கெடுத்தது? வாடகை கட்டவே தாயும் தந்தையும் இரவுபகலாய் வெளியே நின்ற வீட்டில், பிள்ளையை யார் பார்த்திருப்பார்? சொந்தக் கூரை ஒன்று இருந்திருந்தால் அந்த வாடகை பள்ளிச் சம்பளமாகி இருக்கும்.

"வக்கீலும் வைத்தியரும் தோட்டத்திலிருந்து வரவில்லையா?" என்பர். வந்தனர், மகிழ்ச்சி. நூறு பேரை ஆற்றில் தள்ளி, நீந்திக் கரையேறிய பத்துப் பேரைக் காட்டி, ஆறு நல்லது என்று வாதாடலாமோ?

பேராக்கில் இன்னும் தோட்டங்கள் உள, லயங்களும் உள. விலைபேசும் நாள் வருமுன், குடியிருப்போர்க்கு மனை தனியே பிரித்துப் பட்டாவாகட்டும். அதன்பின் எஞ்சியதை விற்கட்டும். இதனைக் கேட்க அஞ்சும் தலைவர் அடுத்த தோட்டத்து ஒன்றுகூடலில் கண்ணீர் உகுக்க எழுந்தால், கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஐயா, நீங்கள் பிறந்த லயத்து வீட்டின் பட்டா எங்கே?" என்று கேளுங்கள்.